செல்வியக்கா மிதித்த தரை

ஆரோக்கியசெல்வியக்கா உட்காருவதில் நான்கு அசைவுகள் உண்டு. முதலில் புடவையின் கீழ்க்கரையை இரண்டு விரலால் பிடித்து முன்பக்கம் கொஞ்சம் தளர்த்திக்கொள்வார். பிறகு வலது முட்டியை மடித்து, இடது காலை அதன் அடியில் செருகுவார். அடுத்து, தளர்த்திய கரையை இரண்டு பாதங்களும் மறையும்படி இழுத்துவிடுவார். கடைசியில், பானையின் வாயைத் துணியால் கட்டுகிறவர்களைப் போலச் சுற்றிலும் கரையை உள்ளே தள்ளி அழுத்துவார். எல்லாம் முடிய இரண்டு நொடிதான். பேசிக்கொண்டிருக்கும் பேச்சு நிற்காது. பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடியில் ஒளித்துக்கொள்வார். வரப்பில் உட்கார்ந்தால் ஈரமண்ணுக்குள் புதைத்துக்கொள்வார்.

எங்கள் நாடக விழாவின் எட்டு வருடத்துக் குழுப் படங்களும் என் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. ஒன்றிலும் அவருடைய கால் இல்லை. ஒன்றில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் நிற்கிறார். இன்னொன்றில் தண்ணீர்க் குடம் ஒன்று முன்னால் இருக்கிறது. ஒரு வருடம், கூட வேலை செய்யும் ராசம்மாளைக் கீழே உட்காரவைத்து அவருடைய தோளில் கைபோட்டபடி நிற்கிறார். பார்த்தால் பிரியமாகத்தான் தெரியும். இதையெல்லாம் நான் எப்போதோ கவனித்துவிட்டேன். முகம் பார்த்துப் பேச வராதவன் தரையைப் பார்த்துத்தான் பேசுவான், அதனால் ஊரில் யாருடைய கால் எப்படி என்று எனக்குத் தெரியும். கவனித்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

விழா தை மாதத்தில் மூன்று நாள். மழைத்தண்ணீரை வடித்துப் பாத்திகளைத் தயார் செய்தபின், உப்புத்தண்ணீரை உள்ளே விடுவதற்கு முன்னால் உப்பளத்தில் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். அந்தச் சமயத்தில் ஒரு பாத்தியைக் குத்தகைக்காரர் எங்களுக்கு விட்டுக்கொடுப்பார். அதுதான் மேடை. சுற்றியுள்ள வரப்புகளில் ஜனம் உட்காரும். நாலரைக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் மறுநாள் விடியுமுன் அளத்தில் நிற்க வேண்டியவர்கள். தலைவர் தட்சணாமூர்த்தி சார். ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர், எதையும் உரக்கத்தான் சொல்வார். மரக்காணம் கடைத்தெருவில் டிடிபி கடையில் வேலை செய்கிறேன் என்பதால் நோட்டீஸும் பேனரும் என் பொறுப்பு. செல்வியக்கா மேடை. ‘மேடைப் பொறுப்பு: திருமதி ச. ஆரோக்கியசெல்வி’ என்று இரண்டாம் வருடத்திலிருந்து நோட்டீஸில் அச்சாகிறது.

முதல் வருடம் யாருக்கும் மேடையைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் காய்ந்து கிடந்த ஒரு பாத்தியைப் பார்த்து, தரைதானே என்று நினைத்துவிட்டார்கள். நான் அன்று பார்வையாளன். ராஜா வேஷம் கட்டியவர் உள்ளே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, ஓங்கிக் காலை உதைத்தார். கணுக்கால்வரை உள்ளே போய்விட்டது. இழுத்தார். கால் வந்தது, சலங்கை வரவில்லை.

“ராசா, வுட்டுட்டுப் போ! அடுத்த வருசம் மொளைக்கும்!” என்று எவனோ கத்தினான். சிரிப்பு அடங்கவே இல்லை. அப்போது வரப்பின் கடைசியிலிருந்து ஒரு பெண்குரல் சிரிக்காமல் வந்தது.

“மிதிக்காத பாத்தியில எவன்டா ஆட வுட்டது? மேல பொறுக்கு காஞ்சிருந்தா உள்ள காஞ்சிருக்குமா? இது கூடத் தெரியாம என்னா நாடகம் போட வந்தீங்க?”

மறுநாள் காலை அந்தக் குரலே ஐந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றது. யாரும் கூப்பிடவில்லை. ஆறு பேரும் வரிசையாக நின்று, பின்னோக்கி நகர்ந்து, குதிகாலால் அந்தப் பாத்தியை மிதித்தார்கள். ஒரு மிதி முந்தின மிதியின் பாதியை மூட வேண்டும். நடுவில் இடம் விட்டால் அங்கே மண் இளகும். இளகின இடத்தில் உப்பு சேற்றோடு வரும். உப்புக்காக மிதிப்பதைத்தான் நாடகத்துக்கும் மிதித்தார்கள். மதியத்துக்குள் பலகை போட்டுத் தேய்த்து, மூன்று மணிக்குத் தரையைக் கொடுத்துவிட்டார்கள். அன்று ராஜா எவ்வளவு உதைத்தும் ஒன்றும் ஆகவில்லை.

செல்வியக்கா பிறந்தது கிளியனூர்ப் பக்கம். நெல்லும் மல்லாட்டையும் போடுகிற குடும்பம். பத்தொன்பது வயதில் சவரிமுத்துவைக் கட்டிக்கொண்டு அளத்துக்கு வந்தார். சவரிமுத்து லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவர், லோடோடு வெளியூர் போனால் வாரம் கழித்துத்தான் வருவார். “எங்கூர்ல மண்ணுல காலு வெச்சா நெல்லு வரும். இங்க காலு வெச்சா காலே போயிடும்” என்று அக்கா ஒருமுறை சொல்லிச் சிரித்தார். மிதிப்பதற்குப் பூட்ஸ் போட முடியாது, மண் ஒட்டிப் பெயர்ந்து வந்துவிடும். வெறுங்கால்தான். இருபத்து மூன்று வருடம் அப்படி நின்ற கால்கள். குதிகால் முழுக்க வெடிப்பு; ஒவ்வொரு வெடிப்புக்கும் உள்ளே வெள்ளையாக ஒரு கோடு. இடது சுண்டுவிரல் கிடையாது. உப்புப்புண் வைத்துச் சீழ் பிடித்து, புதுச்சேரி பெரியாஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். தமிழ்நிலா அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒரே பெண்.

நாடகம் பார்க்கும்போதும் அக்கா கால்களைத்தான் பார்ப்பார். புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு நடிகர், பெரிய பெயர் உள்ளவர், மகன் செத்ததற்கு அழுதார். வரப்பில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

“மூஞ்சியில அழுவுறான். காலுல அழுவல பாரு” என்றார் அக்கா. “கட்டவெரலு ஜம்முனு கெடக்குது.”

பார்த்தேன். உண்மைதான். அந்த நடிகரின் கால், பஸ்ஸுக்கு நிற்கிறவரின் கால்போல இருந்தது. அன்றிலிருந்து என்னாலும் முகத்தைப் பார்த்து நாடகம் பார்க்க முடியவில்லை. அக்கா என்னை “தம்பி, நீ” என்றுதான் கூப்பிடுவார். கூட்டத்தில் யாரும் என்னைக் கேட்காதபோது, “தம்பி ஏதோ சொல்ல வருது, வுடுங்க” என்பார்.

இந்த வருடம் ஒன்பதாவது விழா. பொங்கல் முடிந்த வாரம், காலை ஒன்பது மணி. முதல் மிதி முடிந்து, பலகை போட்டுத் தேய்த்து, பாத்தி பளிச்சென்று கிடந்தது. மேலே விரல்கனத்துக்குக்கூட இல்லாத தண்ணீர். அதில் வானம் முழுசாக இறங்கியிருந்தது. மற்றப் பெண்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அக்கா மட்டும் மடைப்பக்க ஓரத்தில் நின்றார், புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியபடி. நான் போனை எடுத்து ஒரு படம் எடுத்தேன்.

கடைக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோது, படத்தின் மூலையில் அந்த இரண்டு கால்கள் இருந்தன. எட்டு வருடப் படங்களில் இல்லாத கால்கள். தரையை வெட்டினேன், வானத்தை வெட்டினேன். கால்கள் மட்டும் மிஞ்சின. ஒன்பது விரல், உப்புப் பூத்த வெடிப்புகள், ஈரம். அதன் கீழே, ‘இந்தக் கால்களின்மீதுதான் எங்கள் நாடகம் நிற்கிறது’ என்று போட்டேன். எழுத்துருவை நான்கு தடவை மாற்றினேன். அவருக்கு மரியாதை செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அதைவிட, இதுவரை நான் எழுதியதில் இதுதான் நல்ல வரி என்று நினைத்தேன்.

தட்சணாமூர்த்தி சார் பார்த்துவிட்டு மேசையில் தட்டினார். “டேய் கார்த்திகேசா! பிரமாதம்டா! இதுதான்டா பேனர்!” பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, “அந்தம்மாகிட்ட கேட்டியா?” என்றார்.

“கேட்டேன் சார்.”

கேட்கவில்லை. கேட்பதற்கு இரண்டு தடவை அளத்துக்குப் போனேன். முதல் தடவை ராசம்மாள் பக்கத்தில் இருந்தார். அவருடைய வாய்க்கு அஞ்சித் திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை அக்கா தனியாகத்தான் இருந்தார். “என்னா தம்பி?” என்றார். “சும்மாக்கா” என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்கள் கால் என்று எப்படித் தொடங்குவது? அப்போதே அந்த வார்த்தை வாயில் வராதது ஏன் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எட்டடிக்குப் பத்தடி, ஏழு பேனர்கள். பேனர் கடை ஜெயப்பிரகாஷ் அச்சடித்து, மரக்காணம் பஸ் ஸ்டாண்டு தொடங்கிக் கீழ்புத்துப்பட்டு வழியாகப் பொம்மையார்பாளையம்வரை ஈசிஆர் ரோட்டில் கட்டினான்.

திங்கட்கிழமை காலை நான் பஸ் ஸ்டாண்டு எதிரில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா பார்க்கும்போது நான் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஷேர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் ராசம்மாள் இறங்கி, நிமிர்ந்து பார்த்து, வாயில் கைவைத்தார்.

“ஏ செல்வி! இங்க பார்றீ! எலெக்சனுக்கு நிக்கிறவன் மூஞ்சி மாரி ஒன் காலு நிக்குதுடி! கும்புட்டு ஓட்டுக் கேளு!”

ஆட்டோவில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். “ஆமா, அந்த வெரலு இல்லாத காலு... செல்விதான்” என்றது ஒரு குரல். அக்கா இறங்கினார். பேனரைப் பார்த்தார், ஒரே ஒரு தடவை. பிறகு, நடுரோட்டில் நின்றபடியே, குனிந்து, இரண்டு விரலால் புடவையின் கீழ்க்கரையைப் பிடித்து முன்பக்கம் இழுத்துவிட்டார். நின்றுகொண்டிருக்கும்போது அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. டீக் கிளாஸ் என் கையில் சுட்டது. வைக்கத் தோன்றவில்லை.

அன்று மாலை அளத்தில் குழுக்கூட்டம். சார் அக்காவைப் பார்த்ததும் எழுந்து கைதட்டினார். “என்னாம்மா செல்வி, ரோடு பூரா நீதான்! எல்லாரும் போன் பண்றாங்க. தம்பி உன்னக் கேட்டுதானே போட்டுச்சு?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் அவருடைய நாற்காலியின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒன்றும் தெரியவில்லை. இருட்டாக, துணி மட்டும்.

“கேட்டாரு சார்” என்றார்.

தம்பியாக இருந்த நான் ‘அவரு’ ஆகிவிட்டேன். இரண்டாம் மிதி சனிக்கிழமை மதியத்துக்கு என்று முடிவாயிற்று. வெயிலில் வெடித்த இடங்களை விழாவுக்கு ஆறு நாள் முன்னால் மறுபடி மிதித்து மூட வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் தமிழ்நிலா கடைக்கு வந்தாள். புதுச்சேரியில் நர்சிங் முதல் வருடம், தினமும் காலேஜ் பஸ்ஸில் போய் வருகிறவள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் போகும்வரை நின்றாள்.

“அண்ணா, அம்மாவ நீங்க கேக்கலல்ல?”

தலையாட்டினேன். இல்லை என்று.

“தெரியும். கேட்டிருந்தா அது ஒத்துக்கினு இருக்காது. வீட்ல எங்கப்பாவுக்கே காலு காட்டாது அது.” கோபமாகப் பேசவில்லை; அதுதான் கஷ்டமாக இருந்தது. “சனிக்கெழம எங்க காலேஜ்ல வெளக்கேத்தி உறுதிமொழி எடுக்கறது. அம்மா வர்றேன்னுச்சு. அதுக்குன்னே ஷூ வாங்குச்சுண்ணா. மூடின ஷூ, சாக்ஸோட. வாங்கி வந்து வீட்டுக்குள்ளயே நாலு நாளு நடந்து பாத்துச்சு. இப்ப வரலைங்குது. எங்கூடப் படிக்கிற பொண்ணுங்க பாதிப் பேரு இந்த ரோட்லதான் வர்றாங்க. ‘ஷூவுக்குள்ள என்னா இருக்குதுன்னுதான் எல்லாம் பாத்துட்டாங்களே, இனிமே எதுக்கு’ன்னுது.”

“நான்... எறக்கிடறேன்.”

“வெள்ளிக்கெழமைக்குள்ள எறக்கிடுங்க. எறக்கிட்டா நான் எப்படியாவது பேசி வர வெச்சிடுவேன்.”

இறக்க வேண்டுமானால் சாரிடம் சொல்ல வேண்டும். சொன்னால், கேட்டேன் என்றது பொய் என்று சொல்ல வேண்டும். முதலில் ஜெயப்பிரகாஷிடம் போனேன். “சார் சொல்லாம கைய வெக்க மாட்டேம்பா, கட்டுனதே அவரு சொல்லித்தான்” என்றான். வியாழக்கிழமை சார் வீட்டுக்குப் போனேன். போனில் யாரிடமோ பேனரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். கையசைத்து உட்காரச் சொன்னார். பேசி முடித்ததும், “டேய், பாண்டிச்சேரிலேருந்துடா! அந்த லைனு யாரு எழுதுனதுன்னு கேக்குறாங்க!” என்றார். நான் சிரித்தேன். ஆம், சிரித்தேன். காபி குடித்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு வண்டியில் கிளம்பினேன். பொம்மையார்பாளையத்திலிருந்து தொடங்கினேன். கயிற்றை அறுத்தால் பேனர் முகத்தின்மேல் வந்து விழும். அந்தக் கால்கள் என்மேல் விழுந்தன, ஒவ்வொரு தடவையும். சுருட்டி வண்டியில் வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போவேன். கீழ்புத்துப்பட்டில் ஒரு பெட்டிக்கடைக்காரர் ஓடி வந்து சட்டையைப் பிடித்துவிட்டார்.

“யார்றா நீ? நாடகக்காரங்க பேனர அறுக்கிற? எந்தக் கட்சிடா?”

“நானே நாடகக்காரன்தாங்க.”

“மூஞ்சியப் பாத்தா தெரியலையே! நம்பரு குடு, போன் போடறேன்.”

சாருக்குப் போன் போனது. ஸ்பீக்கரில் அவருடைய குரல். “டேய், என்னாடா ஆச்சு?”

அங்கே சொல்லியிருக்கலாம். ஈசிஆர் ரோட்டில், தெரியாத ஒருவருடைய கை என் காலரில் இருக்க, அதைவிட அவமானம் ஒன்றும் மிச்சமில்லை. “காத்துல கிழிஞ்சிடுச்சி சார். அசிங்கமா தொங்குது. அதான் எடுக்குறேன்” என்றேன்.

“நல்ல பையன்டா நீ” என்றார் சார்.

மாலைக்குள் ஏழையும் இறக்கிவிட்டேன். தமிழ்நிலாவுக்கு மெசேஜ் அனுப்பினேன். அவள் ஒரு கும்பிடு அனுப்பினாள்.

சனிக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அக்கா பஸ் ஏறுவதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டால் போதும் என்று. அங்கே பேனர் கட்டியிருந்தது. புத்தம்புதிது. மழமழவென்று, பழையதைவிடச் சாயம் கூட. காற்றில் கிழிந்துவிட்டதே என்று சார் ஜெயப்பிரகாஷை விரட்டி, கூடுதலாக அச்சடித்துக் கையில் வைத்திருந்த மூன்றையும் முந்தின சாயங்காலமே கட்டவைத்துவிட்டார். என் பொய்யை அவர் நம்பினார், அவ்வளவுதான்.

பிளேடு இன்னும் என் பையில்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்டு நிறைய ஆட்கள். கம்பத்தடிவரை போய்த் திரும்பிவிட்டேன்.

தமிழ்நிலா விடிகாலையிலேயே காலேஜ் பஸ்ஸில் போய்விட்டிருந்தாள். பத்து மணி பஸ்ஸுக்கு அக்கா தனியாக வந்தார். ஈஸ்டருக்கு எடுத்த மெரூன் புடவை, தலையில் பூ. காலில் பழுப்பு நிற ஷூ, வெள்ளை சாக்ஸ். புடவையைக் கணுக்காலுக்குமேல் ஒரு விரற்கடை உயர்த்திக் கட்டியிருந்தார். ஷூ தெரியட்டும் என்று. அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை. வேகமாக நடக்கவில்லை, புதுச் செருப்புப் போட்ட குழந்தைகள் நடப்பதுபோலக் கவனமாக வந்தார். சாலையைத் தாண்டும்போது நிமிர்ந்தார்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர், “பாண்டி, பாண்டி! ஏறும்மா!” என்றார். அக்கா ஏறவில்லை. பஸ் போனது. நான் இந்தப் பக்கம் டீக்கடையில், ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். இருபதடி சாலைதான். தாண்டவில்லை. அவர் திரும்பி நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் புடவையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

மதியம் இரண்டாம் மிதி. நான் போய்ச் சேர்ந்தபோது மிதி முடிந்து, பெண்கள் கைகால் கழுவப் போயிருந்தார்கள். பலகை இன்னும் போடவில்லை. பாத்தி முழுக்க அடிகள். ஐந்து வரிசையில் குதிகாலும் விரல்களும் தெளிவாகப் பதிந்திருந்தன. ஆறாவது வரிசையில் விரலே இல்லை. சுட்ட ரொட்டிபோல வழுவழுப்பான நீள்வட்டங்கள், ஒன்றின் பாதியை ஒன்று மூடியபடி, பிசகாமல், மடைவரைக்கும். குனிந்து பார்த்தால் நூல் பின்னல் தெரிந்தது. மடைக்கல்லின்மேல் இரண்டு சாக்ஸ் கிடந்தன, களிமண் நிறத்தில்.

ஞாயிற்றுக்கிழமை காலை, குழுவும் மிதித்த பெண்களும் கூடியிருந்தபோது எழுந்து நின்றேன். யாரும் எழச் சொல்லவில்லை. “அக்காவ நான் கேக்கல சார். கேட்டேன்னு சொன்னது பொய். காத்துல கிழிஞ்சதும் பொய்” என்றேன். இவ்வளவையும் சொல்ல எனக்கு நிறைய நேரம் ஆயிற்று.

சார் உரக்கப் பேசவில்லை. “ஏன்டா... கேட்டேன்னு சொன்னியேடா” என்றார். பிறகு ஜெயப்பிரகாஷ் பக்கம் திரும்பி, “எறக்கு. இப்பவே போ. நானும் வர்றேன்” என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அந்த ஒருமுறைதான் முகத்தைப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். எனக்கு மனம் லேசாகிவிட்டதுபோலக்கூட ஒரு கணம் இருந்தது.

“நானும் கேட்டாருன்னு சொன்னேனே” என்றார் அக்கா, மெல்ல. “இத்தினி பேருக்கு முன்னாடி இப்ப என்னையும் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே.”

ராசம்மாள் எழுந்து, அக்காவின் நாற்காலிக்கு முன்னால் வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார், எங்களுக்கு முதுகைக் காட்டி.

விழா நடந்தது. மூன்று நாளும் நல்ல கூட்டம். கடைசி நாள் திண்டிவனத்துக் குழுவில் எட்டுப் பேர் ஒரே சமயத்தில் எகிறிக் குதித்தார்கள்; தரை ஒரு இடத்திலும் இளகவில்லை. சார் மைக்கில் அக்காவின் பெயரைச் சொன்னார். மேடைக்கு யாரும் வரவில்லை. அக்கா தூரத்தில் உப்புக் கொட்டாயின் பக்கம் நின்று பார்த்ததாக ராசம்மாள் சொன்னார். அடுத்த வாரம் மடையைத் திறந்து பாத்திக்குள் தண்ணீர் விட்டார்கள்.

சித்திரையில் ஒருநாள், உப்புக் குவியல்களைக் கீற்றால் மூடிக்கொண்டிருந்த சமயம், தமிழ்நிலா மார்க் ஷீட் ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்தாள். வேலை முடிந்தும் போகாமல் நின்றாள்.

“அந்த போட்டோ இன்னும் இருக்குதாண்ணா? வெட்டாதது?”

அழிக்கத்தான் நினைத்திருந்தேன், அழிக்கவில்லை. திறந்து காட்டினேன். திரை முழுக்கத் தரை. அதில் வானம், ஒரு மேகம், தூரத்து வரப்பின் கோடு. இடது கீழ்மூலையில், ஒட்டி, இரண்டு கால்கள். பாதிப் பேர் கவனிக்கவே மாட்டார்கள்.

தமிழ்நிலா வெகுநேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள். படம் எடுத்த அன்று மதியம் அக்கா சோற்றுக்கு வந்ததும் முதல் பேச்சே அதுதானாம். நான் போனைத் தூக்கியதை அவர் பார்த்திருக்கிறார். “இத்தினி வருசத்துல மேடைய யாரும் போட்டோ புடிச்சதில்ல. ஆட்றவங்களத்தான் புடிப்பாங்க. இன்னிக்கித் தம்பி நம்ம தரைய எடுத்துச்சு. நடுவுல நின்னா நெழலு வுழுந்து கெட்டுடும்னு ஓரமா ஒதுங்கி, படம் புடிச்சி முடிக்கிறவரிக்கும் காலக்கூட அசைக்காம நின்னேன்” என்றாராம்.